மூக்கில் கறுப்பு தழும்பு... கன்னத்தில் பெல்ட் தடம்... குறட்டை மெஷின் மாட்டுறவங்க அவதிக்கு காரணம் என்ன?

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் 28-ந் தேதி. அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன், சிகாகோ செல்வதற்காக வெள்ளை மாளிகையில் இருந்து வெளியே வந்தார். அவரது முகத்தை பார்த்த நிருபர்களுக்கு ஆச்சரியம். கன்னத்தில் பட்டையாக ஏதோ அழுந்திய தடம் தெரிந்தது. என்ன இது என்று கேள்வி கிளம்பியதும் வெள்ளை மாளிகை தரப்பில் விளக்கம் கொடுத்தார்கள். அதிபருக்கு தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு ரொம்ப காலமாகவே உண்டு, அதற்கான மெஷினை ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கினார், அதன் பெல்ட் தடம்தான் இது என்றார்கள்.

அதிபர் முகத்திலேயே தடம் விழுகிறது என்றால், நம்ம ஊர் புழுக்கத்தில் பேன் காற்றில் படுக்கிறவர்கள் நிலைமையை கேட்கவே வேண்டாம். மூக்குத்தண்டில் புண், கன்னத்தில் தடிப்பு, காதோரம் அரிப்பு என்று ஆளுக்கு ஒரு புகார். கடன் வாங்கி மெஷினை வாங்கிவிட்டு, மூஞ்சி கெட்டுப்போகுதே என்று அதை பரணில் தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

மூக்கில் ஒரு சின்ன புண்தானே என்று தோன்றும். ஆனால் அந்த புண்ணுக்கு பயந்து மெஷினை நிறுத்தினால் பழைய கோளாறு அப்படியே திரும்பி வந்துவிடும். பல நாள் ஆகும் என்றுகூட இல்லை. மெஷின் இல்லாமல் படுத்த முதல் ராத்திரியே பலருக்கு குறட்டையும் மூச்சுத்தடையும் ஆரம்பித்துவிடுகிறது. மெஷின் கோளாறை குணப்படுத்துவது கிடையாது. மாட்டி இருக்கிற வரைக்கும் காப்பாற்றுகிறது. அவ்வளவுதான்.

வெறும் குறட்டை இல்ல

இந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டையில் உள்ள சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கிறது. குறைந்தது 10 வினாடி, சிலருக்கு அரை நிமிடத்துக்கு மேலேயும் மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஆளை உலுக்கும். "கொர்ர்" என்று ஒரு இழுப்பு, மறுபடி மூச்சு. பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோய் எழுந்து உட்காருவார். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் இப்படி 5 தடவைக்கு மேல் நடந்தால் நோய் என்றும், 30 தடவைக்கு மேல் போனால் தீவிரம் என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ராத்திரி பூரா இப்படி போராடினால் பகலில் கண் சொருகத்தானே செய்யும்? லாரி, பஸ், ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும், பட்டறையில் மெஷின் முன்னால் நிற்கிறவர்களுக்கும் இது உயிர் விஷயம். ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்தும் கூடுகிறது. இந்தி சினிமாவில் டிஸ்கோ பாட்டுகளால் கலக்கிய இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது, அவரது சாவுக்கு காரணமாக டாக்டர்கள் சொன்னதும் இந்த நோயைத்தான். அவருக்கு வயது 69.

பசை போட்டு ஒட்டிய காலம்

முன்பெல்லாம் இந்த நோய் முற்றிப்போனவர்களுக்கு கழுத்தில் ஓட்டை போட்டு குழாய் வைப்பதுதான் வைத்தியம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் 1980-ம் ஆண்டு ஒரு மாற்று வழி கண்டுபிடித்தார். மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் தொண்டை மூடாது என்பதுதான் அது. 5 நோயாளிகளுக்கு அதை செய்து பார்த்து 1981-ல் வெளியிட்டார். இன்றைக்கு சிபேப் மெஷின் என்று சொல்வது அதைத்தான்.

அந்த காலத்து மாஸ்க் கதையை கேட்டால் இப்போது மாட்டுகிறவர்கள் ஆறுதல் அடையலாம். ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் மாவு அச்சு எடுத்து, பைபர் கிளாசில் தனியாக மாஸ்க் செய்தார்கள். அதை தினமும் ராத்திரி சிலிகான் பசை போட்டு முகத்தில் ஒட்ட வேண்டும். காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். தோல் என்ன பாடுபட்டிருக்கும்! பெல்ட் போட்ட ரெடிமேட் மாஸ்க் எல்லாம் அதற்கு பிறகு வந்ததுதான்.

ஒரு டம்ளர் தண்ணி அழுத்தம்

மெஷினில் வரும் காற்றுதான் மூஞ்சியை அழுத்தி புண்ணாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. மெஷினில் 4 முதல் 20 வரை அழுத்தம் வைக்கலாம். டாக்டர் 10 என்று எழுதி கொடுத்தால் அதற்கு அர்த்தம், 10 சென்டிமீட்டர் உயர தண்ணீர் கொடுக்கும் அழுத்தம். அதாவது ஒரு டம்ளர் நிறைய தண்ணீர் ஊற்றினால் அதன் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவுதான். அது தோலை புண்ணாக்காது.

புண்ணாக்குவது பெல்ட்.

மாஸ்க்கின் ஓரத்தில் மெத்தென்று சிலிகான் குஷன் இருக்கிறது அல்லவா? அதை உற்று பார்த்தால் பல மாஸ்க்குகளில் இரண்டு மடிப்பு இருக்கும். முகத்தை தொடும் மடிப்பு மெல்லிசு. மெஷினை போட்டதும் காற்று அந்த மெல்லிய மடிப்புக்குள் புகுந்து, அது உப்பி, முகத்தோடு தானாக ஒட்டிக்கொள்ளும். காற்று வெளியே போகாமல் தடுப்பது இறுக்கம் இல்லை, அந்த உப்பல்தான்.

இது தெரியாமல் நாம் என்ன செய்கிறோம்? லேசாக காற்று ஒழுகியதும் பெல்ட்டை ஒரு இழுப்பு இழுக்கிறோம். அந்த மடிப்பு நசுங்கி சுருங்குகிறது. சுருங்கிய இடத்தில் இன்னும் காற்று ஒழுகும். மறுபடி ஒரு இழுப்பு. கடைசியில் மாஸ்க் மூக்கெலும்பில் போய் உட்கார்ந்து விடுகிறது. மூக்குத்தண்டில் எலும்புக்கு மேலே தோல் மட்டும்தான். சதை கிடையாது, கொழுப்பு கிடையாது. ஆறு ஏழு மணி நேரம் ஒரே இடத்தில் அழுத்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத தோல் செத்துப்போகும். படுத்த படுக்கையாக கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வருகிறதே, அதே சங்கதிதான் மூக்கில் நடக்கிறது. 2020-ல் கொரோனா வார்டில் மணிக்கணக்கில் இறுக்கமான மாஸ்க் போட்ட நர்சுகள் முகத்தில் விழுந்த தழும்பை போட்டோவில் பார்த்தோமே, அதுவும் இதேதான்.

சரி, எப்படி மாட்டுவது? உட்கார்ந்து கண்ணாடி முன்னால் மாட்டாதீர்கள். படுக்கும்போது கன்னமும் தாடையும் தொங்கி முகத்தின் வடிவமே மாறிவிடும். எல்லா பெல்ட்டையும் தளர்த்தி விட்டு, படுத்துக்கொண்டு, மாஸ்க்கை முகத்தில் வையுங்கள். மெஷினை ஓட விடுங்கள். ஒரு தடவை மாஸ்க்கை முன்னால் லேசாக இழுத்து விட்டால் குஷன் உப்பி சரியாக உட்காரும். அதன்பிறகு இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக, காற்று நிற்கிற அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் ஒரு விரலாவது தாராளமாக நுழைய வேண்டும். ராத்திரி புரண்டு படுத்து ஒழுகினால் பெல்ட்டை தொடாமல், மாஸ்க்கை லேசாக தூக்கி மறுபடி உட்கார வைத்தால் போதும்.

மாஸ்க்கில் சின்ன சின்ன துளைகள் வழியாக எப்போதும் காற்று வரும். அது ஒழுகல் இல்லை. நாம் விடும் மூச்சு வெளியேற வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்த துளை. சிலர் அதை டேப் போட்டு அடைத்து விடுகிறார்கள். ஆபத்து, அடைக்கவே கூடாது.

தடத்தை பார்த்தே சொல்லலாம்

எங்கே, எப்படி தடம் இருக்கிறது என்று காலையில் கண்ணாடியில் பார்த்தால் காரணம் பாதி பிடிபட்டுவிடும். மூக்குத்தண்டில் மட்டும் வலி, புண் என்றால் இறுக்கம் அல்லது அளவு சரியில்லாத மாஸ்க். குஷன் பட்ட இடம் முழுக்க, கோடு போட்ட மாதிரி அரிப்பும் தடிப்பும் என்றால் அழுக்கு, வியர்வை, சரியாக அலசாத சோப்பு என்று சந்தேகப்பட வேண்டும். கன்னத்தில் பரு பருவாக வந்தால் முகத்து எண்ணெய் பசையும் வியர்வையும் மாஸ்க்குக்கு அடியில் அடைபட்டது. காதோரமும் பின்கழுத்திலும் எரிச்சல் என்றால் பெல்ட் உரசல். மூக்கு துளைக்குள் செருகும் சின்ன வகை மாஸ்க் போடுகிறவர்களுக்கு துளை ஓரம் புண்ணானால், அந்த குஷன் அளவு பெரிதோ சிறிதோ என்று அர்த்தம். கண் சிவந்து எரிந்தால் மூக்கோரம் ஒழுகும் காற்று ராத்திரி பூரா கண்ணில் அடித்திருக்கிறது.

"எனக்கு சிலிகான் அலர்ஜி" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். சிலிகானால் உண்மையிலேயே அலர்ஜி வருவது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் குற்றவாளி அதன்மேல் படிந்த அழுக்குதான். நன்றாக கழுவி ஒரு வாரம் பார்த்தும் அரிப்பு போகவில்லை என்றால் தோல் டாக்டரிடம் காட்டலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெஷினோடு வரும் புத்தகத்தில் தோல் சிவந்தால் கவனிக்கவும் என்று போட்டிருப்பார்கள். அது வெள்ளைக்கார தோலுக்கு எழுதினது. நம்ம மாநிறம், கறுப்பு தோலில் சிவப்பு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. அந்த இடம் மற்ற இடத்தைவிட கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டு வலிக்கிறதா என்று விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். எழுந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் தடம் மறைந்தால் பயம் இல்லை. மத்தியானம் வரை போகவில்லை, அழுத்தினால் வலிக்கிறது என்றால் புண் ஆரம்பித்துவிட்டது. நம்ம தோலில் புண் ஆறினாலும் கறுப்பு தழும்பு மாசக்கணக்கில் நிற்கும். பொண்ணுங்களுக்கு அந்த கவலை வேறு.

குக்கர் கேஸ்கட் மாதிரி

மாஸ்க் குஷனை தினமும் காலையில் கழுவ வேண்டும். மைல்டான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். டெட்டால், பிளீச்சிங், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம். சோப்பு நுரை துளிகூட நிற்காமல் அலசி, நிழலில் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் சிலிகான் சீக்கிரம் கெட்டுப்போகும். பெல்ட் துணியை வாரம் ஒரு தடவை கையால் துவைத்தால் சரி. வியர்வை ஊறி விறைத்துப்போன பெல்ட்தான் கன்னத்தை அறுக்கிறது.

மாஸ்க் சுத்தமாக இருந்து முகம் அழுக்காக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. படுக்கும் முன் முகத்தை சோப்பு போட்டு கழுவி துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பவுடர், கிரீம், நெற்றியில் பூசிய விபூதி, சந்தனம் எல்லாம் போக வேண்டும். நெற்றியில் முட்டு கொடுக்கும் மாஸ்க் என்றால் விபூதி துகள் அங்கே ராத்திரி பூரா தேய்த்துக்கொண்டே இருக்கும். தேங்காய் எண்ணெய், வாசலின் தடவிக்கொண்டு மாட்டுவதும் கூடாது. மாஸ்க் வழுக்கும், வழுக்கினால் நாம் இறுக்குவோம், மறுபடி முதலில் இருந்து அதே கதை. பகலில் தடவிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

குக்கர் கேஸ்கட் நாளானால் என்ன ஆகும்? எவ்வளவு அழுத்தி மூடினாலும் ஆவி போகும். மாஸ்க் குஷனும் அப்படித்தான். முகத்து எண்ணெயும் வியர்வையும் பட்டு பட்டு, மங்கி, வடிவம் கெட்டுவிடும். அமெரிக்காவில் இன்சூரன்சு இருப்பதால் சில மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்கிறார்கள். இங்கே கைக்காசு. ஒரே குஷனை இரண்டு மூன்று வருஷம் ஓட்டுகிறவர்கள் உண்டு. முழு மாஸ்க்கும் வாங்க வேண்டியது இல்லை, பல மாடல்களுக்கு குஷன் மட்டும் தனியாக கிடைக்கும் என்பதை கடைக்காரர்கள் தாங்களாக சொல்வது குறைவு. நாமதான் கேட்கணும்.

மீசை, மூக்குத்தி, பல்செட்

அடர்ந்த மீசை தாடி இருந்தால் குஷன் தோலில் ஒட்டாது. மீசையை எடுக்க மனசு வராதவர்கள் மூக்கு துளைக்குள் செருகும் சின்ன வகை மாஸ்க்குக்கு மாறி பார்க்கலாம். மூக்குத்தி போட்டிருக்கும் பெண்களுக்கு அதன் மேலேயே குஷன் அழுந்தினால் புண் நிச்சயம். ராத்திரி கழற்றி வைக்க வேண்டும். கழற்ற மாட்டேன் என்றால் மூக்குத்தி மேல் படாத மாடலை டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பல்செட் கட்டிய பெரியவர்கள் அதை கழற்றிவிட்டு படுக்கிறபோது கன்னம் ஒட்டிப்போகும். கடையில் பல்செட்டோடு அளவு பார்த்த மாஸ்க் ராத்திரி ஒழுகுவது இதனால்தான். எப்படி தூங்குவீர்களோ அப்படியே அளவு பாருங்கள். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் முக அளவு மாறும்.

நைட் டூட்டி பார்த்துவிட்டு பகலில் தூங்குகிற வாட்ச்மேன், மில் தொழிலாளிகள் பாடுதான் ரொம்ப கஷ்டம். உச்சி வெயில் புழுக்கத்தில் மாஸ்க்குக்கு அடியில் வியர்வை ஊறும். ஊறிய தோல் சீக்கிரம் உரியும். இவர்கள் குஷனுக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய காட்டன் துணி உறை போட்டுக்கொள்ளலாம். இதற்கென்றே விற்கிறார்கள். மூக்கு துளையையும் மாஸ்க் துளைகளையும் துணி மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புண் வந்துட்டா

தோல் உரிந்து புண்ணாகிவிட்டால் அதன்மேலேயே மாஸ்க்கை மாட்டக்கூடாது. அதற்காக மெஷினை நிறுத்தவும் கூடாது. மெஷின் கொடுத்த டாக்டரை பார்த்து, புண் ஆறும் வரை வேறு வகை மாஸ்க் கேட்க வேண்டும். மூக்குத்தண்டை தொடாமல் துளையில் மட்டும் உட்காரும் வகை இருக்கிறது. இரண்டு வகை மாஸ்க்கை மாற்றி மாற்றி போட்டால் அழுத்தம் ஒரே இடத்தில் விழாது. ஆஸ்பத்திரிகளில் மூக்குத்தண்டில் ஒட்டுவதற்கு ஜெல் மாதிரி மெத்தென்ற பிளாஸ்திரி வைத்திருக்கிறார்கள். அதையும் கேட்டு பாருங்கள்.

கறுப்பு மறைய மெடிக்கலில் ஏதோ ஒரு கிரீம் வாங்கி தடவுவது நம்ம ஊர் பழக்கம். அதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. தொடர்ந்து முகத்தில் தடவினால் தோல் மெலிந்துபோகும். மெலிந்த தோல்மேல் மாஸ்க் அழுந்தினால் கேட்கவே வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு புண் ஆற நாளாகும் என்பதால் சின்ன உரசலைக்கூட விடக்கூடாது. சீழ், வீக்கம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டர்.

சின்ன பிள்ளைகளுக்கு இந்த மெஷின் கொடுத்திருந்தால் கவனம் இன்னும் வேண்டும். வளர்கிற எலும்பு. மாஸ்க் வருஷக்கணக்கில் அழுத்தினால் நடுமுகம் முன்னால் வளராமல் தட்டையாகிவிடலாம். அதனால் முக வளர்ச்சியை டாக்டர் அவ்வப்போது பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கும் நாள்பட முன்பல் வரிசை லேசாக நகரலாம் என்று ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது.

சில மாஸ்க்குகளில் பெல்ட்டை மாட்ட காந்த கிளிப் இருக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், தலையில் கிளிப் வைத்து ஆபரேசன் ஆனவர்கள் அதை போடக்கூடாது. 2022-ல் பிலிப்ஸ் நிறுவனமும், 2023-ல் ரெஸ்மெட் நிறுவனமும் இதற்கு எச்சரிக்கை வெளியிட்டன. பக்கத்தில் படுக்கிற வீட்டுக்காரருக்கோ வீட்டம்மாவுக்கோ பேஸ்மேக்கர் இருந்தாலும் ஆகாது.

கடைசியாக வாங்குகிற விஷயம். மெஷின் விற்க வருகிறவர் பத்து நிமிஷத்தில் மாட்டி காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பி விடுகிறார். விடாதீர்கள். உங்களுக்கு எழுதி கொடுத்த அழுத்தத்தில் மெஷினை ஓடவிட்டு, படுக்க வைத்து, இரண்டு மூன்று அளவு குஷனை மாற்றி மாட்டி பார்க்க சொல்லுங்கள். பொருந்தவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றி தருவீர்கள் என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.